மாப்பிள்ளையின் மூக்கு

"அப்பா, தூங்கும்போது மூச்சு விட மறந்துட்டா என்ன ஆகும்?"

சின்னவள் பள்ளியில் சேர்ந்த புதிதில் கேட்டது. டயர்க் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பக்கத்துல இருக்கிறவங்க ஞாபகப்படுத்துவாங்கம்மா" என்று சொல்லிவைத்தார்.

இன்று மதியம் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாப்பிட்டதும் அவர் பலகையில் கட்டையைச் சாய்க்கும் நேரம். கீழே, பாதி காற்றடைத்த லாரி டியூபின் வளையத்துக்குள் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

உபசாரம் கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது?

முதுகுத் தண்டில் வந்த நோய், பின்னங்கால்களை எடுத்துக்கொண்டது. கடைக்காரர் அசரவில்லை. குழந்தைகள் சைக்கிளின் சக்கரங்களை வைத்து வண்டி செய்து பூட்டினார். மாப்பிள்ளை பூனையைத் துரத்திப்போய்த் திருப்பத்தில் குடைசாய்ந்தபோது, தெருவோடு சேர்ந்து அந்தப் பூனையும் நின்று பார்த்தது.

ஆனால் இன்று காலையில் நாலு வீடு தாண்டுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு அசையவில்லை. வயிறு மட்டும் திணறியது.

கால்நடை மருத்துவரம்மா வண்டியின் பெல்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, நாயைக் கட்டியிருக்கீங்களா, லாரியில லோடு கட்டியிருக்கீங்களா? நோய் நெஞ்சு வரைக்கும் ஏறிடுச்சு. இனிமே வயித்தாலதான் மூச்சு விடணும். அந்த வயித்தையே இறுக்கிட்டீங்களே!"

பெல்ட் இடம் மாறியது. சூடு ஆகாது, தூங்கும்போது ஒரு கண் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கடைக்காரர் இரண்டு கண்ணையும் வைத்திருந்தார்.

வயிறு ஏறியது. இறங்கியது. பிறகு ஏறவில்லை.

அவர் பலகையிலிருந்து குதித்தார். ஈர மூக்கில் விரலை வைத்து அழுத்தினார். "டேய் மாப்ளே!"

புஸ்ஸென்று ஒரு மூச்சு. வயிறு மறுபடி ஏறியது. மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். தூக்கம் கெட்ட எரிச்சல்.

அந்த எரிச்சல் அவருக்குப் பழக்கமானது.

மாப்பிள்ளை நாலு காலில் நடந்த காலத்தில் எத்தனை மதியங்கள்! "குறட்டை நடுவுல நின்னுபோகுது, போய்க் காட்டுங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். அவர் மூச்சுத் திணறி விழிக்கும்போதெல்லாம் முகத்தின்மேல் ஓர் ஈர மூக்கு அழுத்திக்கொண்டிருக்கும். மூச்சை அடைத்ததே அந்த மூக்குதான் என்று நினைத்தார். ஒவ்வொரு முறையும் செருப்பை எறிந்தார்.

தன் பக்கத்திலும் கடவுள் ஓர் ஆளை வைத்துத்தான் இருந்திருக்கிறார்.

கடைக்காரர் மெதுவாக அவனைப் புரட்டி, நெஞ்சு கீழே இருக்கும்படி சாய்த்தார். கடையில் இருந்த ஒரே விசிறியை அவன் பக்கம் திருப்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் இருமுறை அந்த மூக்கைத் தொட வேண்டியிருந்தது.

டீயோடு வந்த மனைவி, வேர்த்து வழிந்த முகத்தைப் பார்த்தாள். "என்ன, நல்ல தூக்கமா?"

"அடிச்சுப்போட்ட மாதிரி!"

டியூபுக்குள்ளிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது, நடுவில் நிற்காமல்.