நேர் விமானம்

“நாலு மணிக்கு எடுத்துடலாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.”

கணவர் கிடந்த ஐஸ் பெட்டியைப் பார்க்காமலே அத்தை இப்படிச் சொன்னதும் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மகளைக் கட்டிய புது மாப்பிள்ளைக்கும்தான்.

“பெத்த பிள்ளை வெளிநாட்டுலேர்ந்து வர வேண்டாமா அண்ணி?” என்றார் இறந்தவரின் தம்பி.

“விமானத்துல பதினெட்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாது.”

“இருக்கிறது ஒரே ஆம்பளைப் பிள்ளை! கடைசியா முகத்தைப் பார்க்கக்கூட விடமாட்டேங்கறியே, உனக்கு நெஞ்சா கருங்கல்லா?” மூக்கைச் சிந்தினாள் இறந்தவரின் அக்கா.

மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்குமா? விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு அனுப்புகிற வேலை அவருக்கு. எந்த ஊருக்கு எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார்.

“பதினெட்டெல்லாம் இல்லை அத்தை. நேர் விமானம் இருக்கு. நாலே கால் மணி நேரம்தான். மச்சான் மத்தியானம் ஏறினா, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுல இருப்பார்.”

கூடமே அத்தையைத் திரும்பிப் பார்த்தது.

“அடிப்பாவி!” என்றாள் அக்கா. “என் தம்பியும் பதினெட்டு, பதினெட்டுன்னே சொல்லிட்டிருந்தானே! வெள்ளந்தி மனுஷன். அவனையும் நீதான் நம்ப வெச்சிருக்கே!”

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள். மாப்பிள்ளை போனும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

“ஒரு சீட் காலியா இருக்கு அத்தை. இப்பவே போட்டுடறேன். மச்சானுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

“காலையிலேயே சொல்லியாச்சு. ஆபீஸ்ல முக்கியமான வேலையாம். எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போட்டோ அனுப்புங்கன்னு போனை வெச்சுட்டான்.”

மாப்பிள்ளை போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே! அவங்க பேசின பேச்சுக்கு...”

அத்தை குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

“பதினெட்டு மணி நேரம் நான் கட்டின கதை இல்லை மாப்பிள்ளை. உங்க மாமா கட்டினது. பிள்ளை ஏன் எட்டிப் பார்க்கலைன்னு கேட்கறவங்ககிட்டயெல்லாம், ‘அவ்வளவு தூரம் பறந்து வரணுமே, பாவம்’னு சொல்லிச் சொல்லியே அவன் மானத்தைக் காப்பாத்திட்டிருந்தார். வெளியே போய், நான்தான் தெரியாம நாலே கால்னு உளறிட்டேன்னு சொல்லிடுங்க. போற மனுஷன் பொய்யரா போக வேண்டாம்.”