நீது வாசிக்கும் வீடியோ

கேரளத்துப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மலையாளப் பாடம் வாசிப்பதை ஷிஜா டீச்சர் தினமும் வீடியோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். எல்லோரும் இதயம் அனுப்புவார்கள். நீதுவின் அம்மா செண்பகவல்லி மட்டும் போன் செய்வார்.

"ரொம்ப வேகமா வாசிக்கா டீச்சர். மெதுவா வாசிக்கச் சொல்லுங்க."

மூன்றாவது முறை ஷிஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிளாஸ்லயே நல்லா வாசிக்கிற குட்டி அவதான். பெத்த அம்மாவே குறை சொல்லலாமா? இனிமே அவ வீடியோவைப் போட மாட்டேன்!"

"ஐயோ, நிறுத்திராதீங்க டீச்சர்!" செண்பகவல்லி பதறினார். "ஹோட்டல் அடுக்களைல வேலை செய்யற தமிழ்நாட்டுப் பொம்பளைங்க நாங்க எல்லாரும் அதைப் பாத்துத்தான் மலையாளம் எழுதப் படிக்கோம். அவ வேகத்துக்கு எங்களால எழுத முடியல."

மறுநாள் வீடியோவில் நீது ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். நடுவில் டீச்சரின் குரல் கேட்டது.

"எழுதியாச்சா, சேச்சிமாரே? அடுத்த வரிக்குப் போகட்டுமா?"