மை பூசிய வரிகள்

மதிய வெயில் சமையலறை ஜன்னல் வழியே விழுகிறது. ஊரைப் பிடித்துவைத்திருக்கும் எதிரிச் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான் இளையவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கடிதத்தை எடுக்கிறாள். கைதி முகாமிலிருந்து அவள் புருஷன் எழுதியது. பாதிக்கு மேல் தணிக்கைக்காரன் கறுப்பு மையால் அடித்திருக்கிறான். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். "அக்கா, இங்க பாருங்களேன், நாலு வரி முழுசா அடிச்சிட்டான். அப்படி என்னதான் எழுதித் தொலைச்சாரோ!" வாயெல்லாம் பல். அரிசியில் கல் பொறுக்கும் மூத்தவள் நிமிரவில்லை. "எழுதுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" இவள் புருஷனும் அதே முகாமில்தான் இருக்கிறான், தம்பி எழுதிய அன்றே அண்ணனும் எழுதியிருக்கிறான். இவள் இடுப்பில் செருகிய கடிதத்தில் தணிக்கைக்காரன் மை ஒரு சொட்டுகூட இல்லை. கூரை ஒழுகுகிறதா, கதவைத் தாழ் போடு, உடம்பைப் பார்த்துக்கொள். எதிரிகூட மறைக்க நினைக்காத கடிதம். இளையவள் வாளியோடு தண்ணீருக்குக் கிளம்பிப் போகிறாள். மூத்தவள் தன் கடிதத்தை எடுத்து விரித்து, சட்டியின் அடிக்கரியை விரலில் தொட்டு, கூரை பற்றிய வரியின் மேல் அழுத்தித் தேய்க்கிறாள். பிறகு கடிதத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அந்தக் கரிக்கு அடியில் என்னதான் எழுதியிருப்பாரோ என்று உற்றுப் பார்க்கிறாள்.