வெறும் ஓட்டம்

ஓசூர் குவார்ட்டர்ஸில், ஆலை இயந்திரங்களுக்கு வைத்ததைப் போலவே வீட்டு இயந்திரங்களுக்கும் கம்பெனி மீட்டர் வைத்துவிட்டது. எது வீணாக ஓடினாலும் நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கும்.

முனிரத்னம் ஷிப்ட் முடிந்து வந்தபோது வாஷிங் மெஷின் நின்றிருந்தது. தொட்டிலில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

"துணி இல்லாம ஓடுதாம், வீண் ஓட்டமாம்," என்றாள் மனைவி சுகுணா எரிச்சலோடு. "நெறமாசம் வரைக்கும் பிரஸ் மிஷின் பக்கத்துல நின்னு வேல பாத்தேன். வயித்துல இருந்தப்ப கேட்ட அந்தத் தடதடப்பு இல்லன்னா இவ கண்ணையே மூடுறதில்ல. இத அந்த மீட்டருக்கு யாருங்க சொல்றது?"

"நான் சொல்றேன், நீ உக்காரு."

ஆலையில் அவன் நாளெல்லாம் பதில் சொல்வது இதே கேள்விகளுக்குத்தான்.

'உற்பத்தி என்ன?' என்றது மீட்டரின் திரை.

'தூக்கம்' என்று தட்டினான்.

மெஷின் தடதடவென ஓடத் தொடங்கியது. அழுகை விசும்பலாகி, மெல்ல அடங்கியது.

சற்று நேரம் கழித்து மீட்டர் மறுபடி கேட்டது: 'நல்ல உருப்படி எத்தனை?'

தொட்டில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு 'ஒன்று' என்று தட்டினான். சொல்வதற்காகச் சுகுணாவின் பக்கம் திரும்பினான். அவள் சுவரில் சாய்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப் போயிருந்தாள்.

சத்தமில்லாமல் மீட்டர் பக்கம் திரும்பி, 'ஒன்று' என்பதை அழித்து, 'இரண்டு' என்று திருத்தினான்.