தகவல் போதாது

பகல் பன்னிரண்டுக்குள் மேசையில் கிடக்கும் அத்தனை பறக்கும் தட்டுகளையும் தரையிறக்கிவிட வேண்டும் என்பது கர்னலின் உத்தரவு.

இரண்டு மணிக்கு வாஷிங்டனிலிருந்து ஜெனரல் வருகிறார். மேசையில் முப்பத்தொரு தட்டுகள் கிடந்தன.

1952 ஆகஸ்ட். ஒஹையோவில் மின்விசிறிகூட அனல் காற்றைத்தான் வீசிக்கொண்டிருந்தது. வானத்தில் எதையாவது பார்த்ததாக ஜனங்கள் நிரப்பி அனுப்பும் எட்டுப் பக்கப் படிவங்களைப் படித்து முத்திரை குத்துவது, விமானப்படை லெப்டினன்டான எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. பலூன். விமானம். வெள்ளிக் கிரகம். எதிலும் அடங்காதவர்களுக்கு மனக்கோளாறு.

இன்னொரு முத்திரையும் உண்டு. தகவல் போதாது. கர்னலுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதைக் குத்திவிட்டால் விதிப்படி யாராவது நேரில் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும். அதன் மேல் தூசி படிந்திருந்தது.

எதிர் மேசையில் கார்ப்பரல் ஹாலிஸ். நான் முடிவைச் சொல்லச் சொல்ல அட்டையில் தட்டச்சு செய்வாள். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளாக வாயைத் திறந்தால் அன்றைக்கு மழைதான். ஜூலையில் ஒரு பத்திரிகை எங்கள் அறையைப் படம் பிடித்துப் போட்டபோதும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவள் தட்டச்சைப் பார்த்துக் குனிந்தே இருந்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு முப்பது தட்டுகள் தரையிறங்கிவிட்டன.

மிச்சம் ஒன்று. நெப்ராஸ்காவில் ஓட்டிஸ் ப்ரண்டேஜ் என்ற விவசாயி, பென்சிலால் கோணல்மாணலாக நிரப்பி அனுப்பியது. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலிஸும் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று சத்தமாக வாசித்தேன்.

பார்த்தது எப்போது? 1948 அக்டோபர் 3, மாலை நாலரை மணி.

“நாலு வருஷம் கழிச்சு ஞாபகம் வந்திருக்கு மனுஷனுக்கு!”

எங்கே நின்று பார்த்தீர்கள்? தொழுவத்துக்குக் கிழக்கே. புயலில் போன கூரையை இன்னும் மாற்றவில்லை. சாம்பல் நிறக் குதிரை மார்ச்சில் செத்துவிட்டது.

சத்தம் ஏதும் கேட்டதா? இல்லை. இந்த வீட்டில் இப்போதெல்லாம் எந்தச் சத்தமும் கிடையாது. பியானோவை மூடி வைத்திருக்கிறேன். விற்கவில்லை.

அடுத்தது எங்கள் படிவத்தின் பெருமைக்குரிய கேள்வி. ஒரு பத்து சென்ட் நாணயத்தைக் கையை முழுக்க நீட்டிப் பிடியுங்கள். நீங்கள் பார்த்தது அதைவிடப் பெரியதா, சிறியதா? நாடு முழுக்க எத்தனையோ பேர் முற்றத்தில் நின்று, நாணயத்தைப் பிடித்துப் பார்த்து, ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

ப்ரண்டேஜ் எழுதியிருந்தார்: வலது கையை ஜனவரியிலிருந்து நீட்ட முடியவில்லை. இதை இடது கையால்தான் எழுதுகிறேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசிக் கேள்வி. எப்படி மறைந்தது? கிழக்கே போனது. புழுதி அடங்கும்வரை வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

“ஆகாசத்துல போறது எங்கயாவது புழுதி கிளப்புமா? பெரியவருக்கு மறை கழண்டுடுச்சு.”

மனக்கோளாறு முத்திரையை மையில் ஒற்றி எடுத்தேன். அதைக் குத்தினால் ஒரு நகல் அந்த வட்டாரத்து ஷெரீஃபுக்குப் போகும். ஷெரீஃபுக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி. அதற்கப்புறம் அந்த ஆள் மணி என்ன என்று சொன்னால்கூடக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

“குத்தாதீங்க சார்.”

ஹாலிஸ் எழுந்து நின்றிருந்தாள்.

“பின்ன என்னன்னு போடறது? பலூன்னா? கர்னல் என்னத் தொலைச்சுடுவாரு.”

“அது பறக்கல சார். நாலரை மணி பஸ்ல போச்சு.”

ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தேன்.

“‘அவனத்தான் கட்டிக்குவேன்னா போ, திரும்பி வராத’ன்னாரு அப்பா. பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்.”

ஹாலிஸ் என்பது கொரியாவில் செத்துப்போன கணவனின் பெயர் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவளுக்கு என்ன பெயர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பத்திரிகையில் ஓரமாகக் குனிந்திருந்த முகத்தை அந்த மனிதர் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார். மகளுக்கு ஒரு கடிதம் எழுத ரோஷம் விடவில்லை. எங்கள் படிவத்தைக் கேட்டு வாங்கி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அதை நான் வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தாழ்வாரத்தில் கர்னலின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அந்த இன்னொரு முத்திரையை எடுத்துத் தூசியை ஊதினேன். தகவல் போதாது. படிவத்தின் நடுவில் நன்றாக அழுத்திக் குத்தினேன்.

பிறகு ஒரு பயண உத்தரவுத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஹாலிஸ் அதைத் தட்டச்சில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். விசாரிக்கப் போகிறவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். ஊரின் பெயரைப் படிவத்தைப் பார்க்காமலே அடித்தாள். புறப்படும் தேதி, இன்று.

திரும்பும் தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. பிறகு வெறுமையாகவே விட்டுத் தாளை உருவி என் முன்னால் வைத்தாள்.

நானும் கேட்கவில்லை. கர்னல் கதவைத் திறப்பதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.