பால் ஏன் பொங்குகிறது

“தண்ணி கொதிச்சா பாத்திரத்துக்குள்ளயே குதிச்சுக்கிட்டிருக்கு. பால் மட்டும் ஏங்க பொங்கி வெளிய வருது?”

“வேற வேலை இல்லாம வருது,” என்றார் கணவர், அடுப்பு மேடையை ஈரத்துணியால் துடைத்தபடி.

இரவு டியூட்டி முடிந்து பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு இப்போதுதான் வந்திருந்தார். ஸ்டியரிங்கின் அதிர்வு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

மனைவி சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கண்களில் அதே பளபளப்பு.

கணக்கும் அறிவியலும் நடத்துகிற டீச்சருக்குத் தாலி கட்டினால் இப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிப்பார்கள். வீட்டுக்கு அடிக்க ஆள் இல்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஏன் ஆவி படிகிறது, வளைவில் பயணிகள் ஏன் வெளிப்பக்கமாகச் சாய்கிறார்கள், கரைந்த சர்க்கரை எங்கே போய் ஒளிகிறது. பாடத்திட்டம் மாறினால் மற்ற ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். இவள் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பாள். அந்த வாரம் முழுக்க அவர் காது புண்ணாகிவிடும்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. கேள்வியைக் கேட்பாள். வகுப்பில் காத்திருப்பதுபோல் கொஞ்சம் காத்திருப்பாள். எந்தக் கையும் உயராது. பிறகு தானே பதிலையும் சொல்வாள், அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவள்போல வியந்து.

அவர் ‘உம்’ கொட்டுவார். மனம் டயரிலோ டீசலிலோ கிடக்கும்.

பால் கேள்வி கல்யாணமான புதிதிலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் பால் பொங்கிய போதெல்லாம்.

“உம்,” என்றார் இப்போதும்.

துணியைப் பிழிந்து போட்டார். மீதிப் பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

பதில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தார். அவளுடைய வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப்போல. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாளாக அப்படித்தான் கிடக்கிறது. பேச்சு திரும்பிவிட்டது, அதுவே பெரிய விஷயம் என்றார் டாக்டர். மூளையில் வந்த அடைப்பு வேறு எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

அவள் முகத்தை முன்னால் நீட்டியபடி காத்திருந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள்போல.

“நீயே சொல்லு, டீச்சர்,” என்றார்.

“தெரிஞ்சா உங்களை ஏன் கேக்கப்போறேன்?” என்று சிரித்தாள்.

அவர் நின்றபடியே தேடினார். ஆடை என்று ஏதோ சொல்வாள். அதற்கடியில் ஆவி என்பாள். இரண்டுக்கும் நடுவில் என்னவோ வரும். அந்த இடத்தில் எத்தனை துழாவினாலும் அவருடைய ‘உம்’தான் அகப்பட்டது.

அவர் முதுகுக்குப் பின்னால் பால் சத்தமில்லாமல் மேலேறத் தொடங்கியது.

“மெதுவாவே சொல்லுங்க,” என்றாள் அவள். “புரியலைன்னா திரும்பக் கேட்டுக்கறேன்.”