ஏழு தலைமுறைக் குடல்

நிச்சயதார்த்தத் தட்டில் பழம், பூ, பட்டுப்புடவைக்கு நடுவே வெள்ளிக் கிண்ணத்தில் ஒரு மாத்திரை இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அம்பலவாணருடைய மலத்திலிருந்து எடுத்த குடல் பாக்டீரியா. மருமகளாக வருகிறவள் அதைச் சபையில் விழுங்கியாக வேண்டும். கௌரவமான குடும்பங்களில் இப்போது இதுதான் வழக்கம்.

"ஏழு தலைமுறையா சுத்த சைவம். கவுச்சி வாடையே தெரியாத குடல்," என்று அவர் கண்ணாடிச் சட்டம் போட்ட ஆய்வகச் சான்றிதழை எல்லோருக்கும் காட்டினார்.

மணப்பெண் உமையாள் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "முழுங்குடி, எல்லாரும் பாக்கறாங்க," என்று அம்மா கிள்ளினாள்.

அப்படிப்பட்ட ஆய்வகத்தில்தான் உமையாளுக்கு வேலை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சான்றிதழைப் படித்தாள். அடிக்கடி வரும் சர்க்கரையை உள்ளே இழுக்கத்தான் பாக்டீரியா தன் சவ்வில் நிறைய வாசல் வைத்துக்கொள்ளும். சான்றிதழின்படி இதில் பாதி வாசல், பிராணிகளின் குருத்தெலும்பில் இருக்கும் சர்க்கரைக்கு; காய்கறியில் அது கிடையாது.

மாத்திரையைத் தட்டிலேயே வைத்தாள்.

"மாமா, ஆட்டுக்கால் சூப் எந்தக் கடையில குடிக்கிறீங்க?"

அம்பலவாணர் சான்றிதழைப் பிடுங்கினார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். வருஷா வருஷம் கல்யாண நாளன்று, அதே மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கியவள்.